தீவாய் நிலைத்த இளைஞர்: விமான வீரர் நிர்மல்ஜித் சிங் சேக்கோன்



நம் புரோத்ராபூர்க் குடியிருப்பில் வானில் ஓர் இரைச்சல் எழுந்தால், விளையாடிக் கொண்டிருக்கும் சிறுவர் விளையாட்டை நிறுத்தி அண்ணாந்து பார்ப்பர். அடுப்படியில் நிற்கும் அன்னையரும் ஒரு கணம் செவி சாய்ப்பர். பெருநிலத்தில் வாழ்வோர்க்கு விமானம் ஓர் ஊர்தி, அவ்வளவே. கடல் சூழ்ந்த நமக்கோ அது சென்னையிலிருந்து வரும் உறவின் குரல். நோயுற்ற தந்தையைக் காண ஓடும் மகனின் நம்பிக்கை. மூன்று நாள் கப்பற் பயணத்தைச் சில மணி நேரமாகச் சுருக்கும் பேருதவி. வானத்தை நாம் வழியாகவே அறிந்திருக்கிறோம். அவ்வழி பகைவன் வரும் வழியாகவும் ஆகக்கூடும் என்பதையும், அதனை அடைத்து நிற்பதற்கென்றே தம் இளமையை ஒப்படைத்தோர் உளர் என்பதையும் நாம் அடிக்கடி எண்ணுவதில்லை.

அத்தகையோருள் ஒருவரின் வாழ்க்கையை இவ்வாண்டு விழா மலரில் எடுத்துரைக்க விழைகின்றோம். அவர் தமிழரல்லர், பஞ்சாபியர். இத்தீவுகளில் அவர் வாழ்ந்தவருமல்லர். ஆயினும் அவர் பெயர் இன்று நம் கடலில் நிற்கின்றது. 2023-ஆம் ஆண்டு ஜனவரித் திங்கள் 23-ஆம் நாள், அதுவரை பெயரின்றி எண்களால் மட்டுமே குறிக்கப்பட்டு வந்த இருபத்தொரு தீவுகளுக்கு, பரம்வீர் சக்கரம் பெற்ற இருபத்தொரு வீரர்களின் பெயர்கள் சூட்டப்பட்டன. அவற்றுள் ஒன்று சேக்கோன் தீவு. அப்பெயருக்குரியவர் விமானப் படை அதிகாரி நிர்மல்ஜித் சிங் சேக்கோன்.

பெயரைச் சொல்வது எளிது. பள்ளிப் பிள்ளைகள் இருபத்தொரு பெயர்களையும் மனப்பாடமாகவே ஒப்புவிக்கக்கூடும். ஆனால் பெயருக்குப் பின்னே இருந்த மனிதரை அறியாவிடில் அப்பெயர் பழைய எண்ணைப் போன்றதே. ஆதலின் அவர் வரலாற்றைச் சுருக்கமாகவேனும் அறிந்துகொள்வோம்.

பிறந்த ஊரும் பெற்ற தந்தையும்

பஞ்சாப் மாநிலத்து லூதியானா மாவட்டத்தில் இஸேவால் என்பது ஒரு சிற்றூர். கோதுமை வயல்கள் சூழ்ந்த அவ்வூரில், 1940-களில் ஒரு ஜூலைத் திங்கள் 17-ஆம் நாள் பிறந்தவர் நிர்மல்ஜித் சிங். தந்தையார் தர்லோக் சிங். தாயார் ஹர்பன்ஸ் கௌர். தந்தையார் இந்திய விமானப் படையில் நெடுங்காலம் பணி செய்து, கௌரவ ஃபிளைட் லெப்டினன்ட் என்னும் நிலைக்கு உயர்ந்தவர். ஆகவே விமானப் படையின் நடைமுறைகள் அவ்வீட்டுக்குப் புதியனவல்ல. சீருடை, பணியிட மாற்றம், திடீரெனப் பிரிந்து செல்லுதல், கடிதத்திற்குக் காத்திருத்தல் ஆகிய அனைத்தையும் அக்குடும்பம் அறிந்திருந்தது.

அம்மாவட்டத்திலேயே ஹல்வாரா என்னும் விமானப் படைத் தளம் உண்டு. வயல் வரப்பில் நின்ற சிறுவர்களுக்கு அங்கிருந்து எழும் விமானங்கள் நாள்தோறும் காணும் காட்சி. நம் பிள்ளைகள் கப்பலைக் கண்டு வளர்வதுபோல் அவ்வூர்ப் பிள்ளைகள் விமானத்தைக் கண்டு வளர்ந்தனர். 1965-ஆம் ஆண்டுப் போரில் அந்த ஹல்வாராத் தளத்தின் மீதே வான்போர் நிகழ்ந்தது. வானம் என்பது காப்பாரின்றி இருக்கக்கூடிய வெளியன்று என்பதை அம்மாவட்டத்து மக்கள் நேரிலேயே கண்டு தெளிந்தனர்.

1967-ஆம் ஆண்டு ஜூன் 4-ஆம் நாள் நிர்மல்ஜித் சிங் விமானப் படையில் விமானியாக அதிகாரப் பணி ஏற்றார். தந்தை சென்ற வழியில் மகனும் சென்றார். ஆனால் தந்தை ஏறாத உயரத்திற்கு ஏறினார். அடுத்த ஆண்டில் அவர் 18-ஆம் எண் அணியில் சேர்ந்தார். பறக்கும் தோட்டாக்கள் என்ற பொருள்படும் பெயரால் வழங்கும் அவ்வணி 1965-ஆம் ஆண்டில் அம்பாலாவில் உருவாக்கப்பட்டது.

அணியினரிடையே அவருக்கு ஒரு செல்லப் பெயர் இருந்தது. எவரைக் கண்டாலும் சகோதரன் என்று பொருள்படும் ஆங்கிலச் சொல்லால் விளிப்பது அவர் வழக்கம். நாளடைவில் நண்பர் அனைவரும் அவரையே பிரதர் என்று அழைக்கலாயினர். பல மொழியும் பல மதமும் பல ஊரும் கலந்த இடத்தில் மக்கள் எவ்வாறு ஒருவரையொருவர் நெருங்குகின்றனர் என்பதை நம் குடியிருப்பினர் நன்கு அறிவர். வங்காளியும், தெலுங்கரும், மலையாளியும், ராஞ்சியிலிருந்து வந்தோரும் பக்கத்துப் பக்கத்து வீடுகளில் வாழும் இங்கு, அண்ணன், தம்பி, அக்காள் என்ற சொற்களே நம்மை உறவாக்கின. சேக்கோனின் வழக்கமும் அத்தகையதே.

சிறு விமானமும் அதன் பெருமையும்

சேக்கோன் ஓட்டிய விமானத்தைப் பற்றி ஒரு சில சொற்கள் கூறுதல் வேண்டும். அதன் பெயர் நாட். அது ஆங்கிலத்தில் கொசுவைப் போன்ற ஒரு சிறு பூச்சியைக் குறிக்கும் சொல். பெயருக்கேற்ற உருவமே அதற்கு. ஒரு சிறகு நுனியிலிருந்து மறு சிறகு நுனி வரை ஏறத்தாழ 22 அடி, அவ்வளவே. இங்கிலாந்தில் பெட்டர் என்னும் வடிவமைப்பாளர், போர் விமானங்கள் நாளுக்கு நாள் பெரிதாகவும் விலை மிக்கனவாகவும் ஆவதைக் கண்டு, சிறிதாகவும் எளிதாகவும் ஒன்றைச் செய்யலாகாதா என்று எண்ணி உருவாக்கியது அது. இங்கிலாந்து அதனைப் பயிற்சி விமானமாகவே ஏற்றுக்கொண்டது. போர் விமானமாகப் பெரிய அளவில் ஏற்றது இந்தியாவே. பெங்களூரில் இந்துஸ்தான் விமானத் தொழிற்சாலையில் அது கட்டப்பட்டது.

எதிரியிடம் இருந்தது சேபர் என்னும் அமெரிக்க விமானம். சேபர் என்றால் வளைந்த வாள். அதன் சிறககலம் ஏறத்தாழ 37 அடி. அதில் ஆறு இயந்திரத் துப்பாக்கிகள். நாட் விமானத்தில் இருந்தவை இரண்டு பீரங்கிகளே. ஆயினும் 1965-ஆம் ஆண்டுப் போரில் இச்சிறு பூச்சி அவ்வாளைப் பலமுறை மடக்கியது. சிறியதாயிருந்தமையால் அதனைத் தொலைவிலிருந்து காண்பது அரிது. விரைவில் திரும்ப வல்லது. அப்போரின் பின்னர் சேபரை வீழ்த்துவது என்ற புகழ் அதற்கு வந்து சேர்ந்தது.

ஆயினும் கருவியின் புகழ் மட்டும் போரை வெல்வதில்லை. ஒரு நாட் ஒரு சேபரை எதிர்ப்பது வேறு. ஒரு நாட் ஆறு சேபர்களுக்கு நடுவே எழுவது வேறு. இரண்டாவது நிலையே சேக்கோனுக்கு வாய்த்தது.

காஷ்மீரத்தில் காவல்

1971-ஆம் ஆண்டு டிசம்பர் 3-ஆம் நாள் மாலை, மேற்கெல்லையில் உள்ள நம் விமானத் தளங்கள் பல தாக்கப்பட்டன. போர் மூண்டது. அப்போரில் நம் அந்தமானுக்கும் பங்குண்டு. விக்ராந்த் என்னும் விமானந்தாங்கிக் கப்பல், பகைவனின் நீர்மூழ்கிக் கப்பலுக்கு அகப்படாதவாறு வட அந்தமானின் போர்ட் கார்ன்வாலிஸ் துறைமுகத்தில் மறைந்திருந்தது. டிசம்பர் 4 முதல் அதிலிருந்து எழுந்த விமானங்களே சிட்டகாங், காக்ஸ் பஜார் ஆகிய இடங்களைத் தாக்கின. கிழக்கே நம் கடல். வடக்கே காஷ்மீரத்து மலை. ஒரே போரின் இரு முனைகள் அவை.

காஷ்மீரத் தலைநகராகிய ஸ்ரீநகர் கடல் மட்டத்திற்கு மேல் ஐயாயிரம் அடிக்கும் மிகுதியான உயரத்தில் உள்ளது. 1948-ஆம் ஆண்டைச் சார்ந்த பன்னாட்டு உடன்பாடு ஒன்றின்படி, அங்கே வான் காவல் விமானங்களை நிலையாக நிறுத்தி வைக்கும் வழக்கமில்லை. ஆகவே போர் மூண்ட பின்னரே 18-ஆம் அணியின் ஒரு பிரிவு அங்கு நிறுத்தப்பட்டது. சேக்கோனுக்கு அம்மலைகள் பழகியவையல்ல. அவ்வுயரத்துக்கு உடலும் பழகவில்லை. பஞ்சாபின் சமவெளியில் வளர்ந்தவர் பனிக்காற்றுக்கு நடுவே, எந்நேரமும் எழுவதற்கு ஆயத்தமாக, விமானத்தருகே காத்திருந்தார்.

அவருக்குத் திருமணமாகிச் சில திங்களே ஆகியிருந்தன. புது மணப்பெண் ஓரிடம், கணவர் ஓரிடம். அத்தகைய பிரிவைப் பற்றி நாம் விரித்துரைக்க வேண்டுவதில்லை. பெருநிலத்தில் மனைவியை விட்டு இத்தீவுக்கு வேலை தேடி வந்த முந்தைய தலைமுறையினரின் வீடுகளில் அது பழங்கதையாய் இன்னும் வழங்கி வருவதே.

சில மணித்துளிகள்

டிசம்பர் 14-ஆம் நாள் காலை. போரின் முடிவு ஏறத்தாழத் தெரிந்துவிட்ட நேரம் அது. அதே நாளில் டாக்காவில் ஆளுநர் மாளிகையை நம் விமானங்கள் தாக்கின. இன்னும் இரண்டே நாள்களில் பகைப்படை சரணடையவிருந்தது. ஆனால் வரவிருப்பதை எவர் அறிவார்? எல்லையில் நிற்கும் வீரனுக்கு அன்றைய பொழுதே முழுப் போர்.

அக்காலையில் பெஷாவரிலிருந்து எழுந்த ஆறு சேபர்கள் ஸ்ரீநகரை நோக்கி வந்தன. மலைகள் சூழ்ந்த பள்ளத்தாக்கில் எதிரியின் வரவு மிகத் தாமதமாகவே தெரியும். குறிப்பு வந்தபோது இரு நாட் விமானங்கள் ஆயத்த நிலையில் இருந்தன. ஒன்றில் மூத்த விமானி, மற்றொன்றில் சேக்கோன். மூத்தவரின் விமானம் முதலில் ஓடி எழுந்தது. அது கிளப்பிய புழுதி ஓடுதளத்தை மறைத்தது. புழுதி அடங்கும் வரை பின்னவர் காத்திருக்க நேர்ந்தது. அச்சில நொடிகளில் பகை விமானங்கள் தலைக்கு மேல் வந்துவிட்டன. குண்டுகள் விழத் தொடங்கின.

விமானம் ஓடுதளத்தில் ஓடும் நேரமே விமானிக்கு மிகக் கொடிய நேரம். அப்போது அதற்கு விரைவுமில்லை, உயரமுமில்லை. திரும்பவும் இயலாது, தாக்கவும் இயலாது. மேலிருந்து வருபவனுக்கு அது நேர்க்கோட்டில் ஓடும் எளிய இலக்கு. ஆகவே தளம் தாக்கப்படும்போது எழாமல் நின்று பாதுகாப்பிடம் புகுந்தால், அதனை எவரும் கோழைமை என்று கூறார். சேக்கோன் அவ்வாறு செய்திருக்கலாம். அவர் செய்யவில்லை. குண்டுகள் விழும் ஓடுதளத்திலேயே விமானத்தைச் செலுத்தி எழுந்தார்.

அவர் வாழ்வின் பெருமை முழுவதும் இந்த ஒரு முடிவில் அடங்கியிருக்கின்றது என்று நமக்குத் தோன்றுகிறது. பின்னர் நிகழ்ந்தது போர்த்திறன். முன்னர் நிகழ்ந்தது மனத்திறன். போர்த்திறன் பயிற்சியால் வரும். மற்றதோ, தமக்கு ஒப்படைத்த கடமை தம் உயிரினும் பெரிது என்று முன்னரே உள்ளத்தில் தெளிந்தவர்க்கே வரும். ஓடுதளத்தில் எண்ணிப் பார்க்க நேரமில்லை. நெடுநாளாக எண்ணி வைத்ததே அங்குச் செயலாகும்.

எழுந்தவுடன் அவர் இரு சேபர்களைப் பின்தொடர்ந்தார். தாம் அவற்றின் பின்னே செல்வதை வானொலி வழியே அறிவித்தார். முன்னெழுந்த விமானியால் அவரை மீண்டும் காணவோ, துணை சேரவோ இயலவில்லை. ஆதலின் அப்பெருவெளியில் சேக்கோன் தனியரே. மரங்களின் உச்சியைத் தொடும் தாழ்ந்த உயரத்தில் வான்போர் நிகழ்ந்தது. ஒரு சேபர் அவரால் தாக்குண்டது என்றும், மற்றொன்று தீப்பற்றியது என்றும் நம் நாட்டுக் குறிப்புகள் கூறுகின்றன. தம் ஆறு விமானங்களும் திரும்பி வந்தன என்பது பாகிஸ்தான் தரப்பின் கூற்று. எண்ணிக்கை எவ்வாறாயினும், ஒரு சிறு விமானம் தனித்து நின்று பகைவர் அணியைக் கலைத்தது என்பதில் இரு தரப்பினரிடையேயும் ஐயமில்லை. அன்று எதிர்த்து வந்த விமானிகளுள் ஒருவர், பின்னாளில் எழுதிய கட்டுரையில் சேக்கோனின் திறத்தைப் புகழ்ந்திருக்கிறார். பகைவன் வாயால் வரும் புகழே புகழ் என்று நம் முன்னோர் கருதியதை இங்கு எண்ணிப் பார்க்கலாம்.

ஏனைய சேபர்கள் துணைக்கு வந்தன. பலர் ஒருவரைச் சூழ்ந்தனர். நாட் விமானம் அடிபட்டது. தாம் அடிபட்டதையும் அவர் வானொலியில் தெரிவித்தார். தளத்தை நோக்கித் திரும்ப முயன்ற விமானம் நிலை தவறியது. இறுதி நொடியில் விமானத்தின் கண்ணாடிக் கூடு கழன்று பறந்ததைக் கண்டோர் உண்டு. அவர் வெளியே குதிக்க முயன்றார் என்பதற்கு அது சான்று. ஆனால் உயரம் போதவில்லை. ஸ்ரீநகருக்கு அருகில் ஒரு மலைப்பிளவில் விமானம் வீழ்ந்தது. எழுந்ததற்கும் வீழ்ந்ததற்கும் இடைப்பட்டது சில மணித்துளிகளே. அச்சில மணித்துளிகளில், நகரின் மீதும் தளத்தின் மீதும் வரவிருந்த முழுத் தாக்குதல் கைவிடப்பட்டது. வந்தவர் திரும்பினர்.

இரண்டு நாள் கழித்து, டிசம்பர் 16-ஆம் நாள், டாக்காவில் பகைப்படை சரணடைந்தது. நாடெங்கும் மகிழ்ச்சி ஆரவாரம் எழுந்தது. இஸேவாலில் ஒரு வீட்டில் மட்டும் அதற்கு இடமிருந்திருக்காது.

உடல் கிட்டாத துயரம்

போர் ஓய்ந்த பின்னர் படையினர் அம்மலைப்பகுதியில் பலமுறை தேடினர். விமானத்தின் சிதைவுகள் கிட்டின. விமானியின் உடல் கிட்டவில்லை. இன்று வரையிலும் கிட்டவில்லை.

முதல் உலகப் போரில் வான்போர் புரிந்த இந்திர லால் ராய் என்னும் வங்காள இளைஞரின் வரலாற்றை இதனோடு ஒப்பிட்டு நோக்கலாம். கல்கத்தாவில் பிறந்து, இங்கிலாந்தில் பயின்று, பத்து வெற்றிகளை ஈட்டி, 1918-ஆம் ஆண்டு ஜூலை 22-ஆம் நாள் தம் பத்தொன்பதாம் வயதில் பிரான்சு நாட்டு வானில் அவர் மாண்டார். எனினும் அவருக்கு அந்நாட்டில் எஸ்தெவெல் என்னும் சிற்றூரில் ஒரு கல்லறை உண்டு. மலர் தூவ விரும்புவோர் சென்று தூவலாம். சேக்கோனின் பெற்றோர்க்கும் துணைவியார்க்கும் அந்த ஆறுதலும் இல்லை.

இத்துயரம் எத்தகையது என்பதை நம் தீவு மக்களுக்கு எவரும் விளக்க வேண்டுவதில்லை. 2004-ஆம் ஆண்டு டிசம்பர் 26-ஆம் நாள் கடல் எழுந்து வந்தபோது, உடலும் கிட்டாமல் உறவினரை இழந்த குடும்பங்கள் இத்தீவுகளில் எத்தனை! கார் நிக்கோபாரில் இருந்த விமானப் படைத் தளமே நீரில் மூழ்கிற்று. அங்குப் பணி செய்த வீரர் பலரும், அவர்தம் மனைவி மக்களும் மாண்டனர். கொள்ளி வைக்க உடலில்லை. குழியில் இட உடலில்லை. கதவு தட்டும் ஓசை கேட்டால் ஒருவேளை அவனாக இருக்குமோ என்று நெஞ்சம் ஒரு கணம் துள்ளும்; பின்னர் அடங்கும். ஆண்டுகள் பல சென்றாலும் அத்துள்ளல் முற்றும் நிற்பதில்லை. உடலைக் கண்டு அழுதவர் ஒருநாள் அழுகையை நிறுத்துவர். காணாதவர் அழுகைக்கு எல்லை எது?

இத்தகைய துயரத்திற்கு நம் தமிழ் முன்னோர் ஒரு வழி கண்டிருந்தனர். அதுவே நடுகல். ஆநிரை மீட்கச் சென்று வேற்று நிலத்தில் வீழ்ந்தவனுக்கும், ஊரைக் காத்து மாண்டவனுக்கும் ஒரு கல்லைத் தேர்ந்து, நீராட்டி, பெயரும் செயலும் பொறித்து, ஊர் எல்லையில் நட்டனர். தொல்காப்பியம் அதற்கென முறைகளையே வகுத்துள்ளது. செங்கம், தருமபுரிப் பகுதிகளில் அத்தகைய கற்கள் இன்றும் வயல்வெளிகளில் நிற்கின்றன. தேனி மாவட்டத்துப் புலிமான்கோம்பையில் 2006-ஆம் ஆண்டு கண்டெடுக்கப்பட்ட கற்கள் ஈராயிரம் ஆண்டுப் பழமை வாய்ந்தவை. உடல் எங்குக் கிடந்தாலும், பெயர் நிற்க ஓரிடம் உண்டு. உறவினர் வந்து விளக்கேற்ற ஓரிடம் உண்டு. அக்கல்லின் பயன் அதுவே. அது மாண்டவனுக்காக மட்டும் நட்டதன்று. இருப்பவர் நெஞ்சம் தங்குவதற்காகவும் நட்டது.

நாடு நட்ட கற்கள்

நாடு சேக்கோனை மறக்கவில்லை. அவருக்குப் பரம்வீர் சக்கரம் வழங்கப்பட்டது. போர்க்களத்தில் காட்டும் வீரத்திற்கு இந்நாடு அளிக்கும் தலையாய விருது அது. இதுவரை அதனைப் பெற்றோர் இருபத்தொருவர். அவருள் விமானப் படையைச் சேர்ந்தவர் சேக்கோன் ஒருவரே. லூதியானா நகரில் அவருக்குச் சிலை எழுந்தது. அதனருகே ஒரு நாட் விமானமும் நிறுத்தி வைக்கப்பட்டது. 1980-களில் இந்தியக் கப்பற் கழகம் தன் எண்ணெய்க் கப்பல்களுக்குப் பரம்வீரர்களின் பெயர்களைச் சூட்டியபோது, ஒரு கப்பல் அவர் பெயர் தாங்கிக் கடலில் சென்றது. வானில் மறைந்தவர் பெயர் கடல் மேல் மிதந்தது.

அவர் பணி செய்த 18-ஆம் அணிக்கும் தமிழ் மண்ணோடு ஓர் உறவு ஏற்பட்டது. சில ஆண்டுகள் செயலற்றிருந்த அவ்வணி, 2020-ஆம் ஆண்டில் கோவையை அடுத்த சூலூரில், இந்தியாவிலேயே உருவான தேஜஸ் விமானங்களோடு மீண்டும் உயிர்பெற்றது. அன்று வெளிநாட்டு வடிவமைப்பில் ஒரு சிறு விமானத்தைக் கட்டிய அதே பெங்களூர்த் தொழிற்சாலையே இவ்விமானத்தையும் கட்டியது. கொங்கு நாட்டுத் தென்னந்தோப்புகளின் மேல் அவ்வணியின் விமானங்கள் எழுந்தபோது, கீழே நின்று கண்டவர்களுள் எத்தனை பேர் சேக்கோனை அறிந்திருந்தனரோ, அறியோம்.

பின்னர் 2023-இல் நம் கடலில் ஒரு தீவு அவருடையதாயிற்று. பெரிதும் சிறிதுமாக எண்ணூறுக்கு மேற்பட்ட தீவுகளும் திட்டுகளும் பாறைகளும் உடையது நம் பகுதி. மக்கள் வாழ்வன அவற்றுள் முப்பதையொட்டியே. ஏனையவற்றில் காடும் கடற்பறவையும் நண்டுமே குடியிருப்பு. அத்தகைய மௌனத்தில் நிற்கும் ஒரு நிலத்துண்டு இன்று அவருக்கு நடுகல்லாயிற்று. அதே நாளில் பெயர் பெற்ற தீவுகளுள் மேஜர் இராமசாமி பரமேசுவரன் பெயரில் அமைந்ததும் ஒன்று. பம்பாயில் பிறந்த தமிழராகிய அவர் 1987-ஆம் ஆண்டு நவம்பர் 25-ஆம் நாள் இலங்கையில் மாண்டவர். பஞ்சாபியர் ஒருவரும் தமிழர் ஒருவரும் ஒரே கடலில் அண்டை வீட்டாராயினர். நம் குடியிருப்பைப் போலவே என்று சொல்லலாம்.

இடப்பெயர் என்பது சிறு செய்தியன்று. 1857-ஆம் ஆண்டுக் கிளர்ச்சியைக் கொடுமையாக அடக்கிய நீல் என்னும் தளபதியின் பெயரை நம் தீவு ஒன்று நெடுங்காலம் தாங்கியிருந்தது. அதே நீலின் சிலை சென்னை மவுண்ட் சாலையில் நின்றது. 1927-ஆம் ஆண்டில் அதனை அகற்றக் கோரித் தமிழ் இளைஞர்கள் சத்தியாக்கிரகம் செய்து சிறை சென்றனர். பத்தாண்டு கழித்து, 1937-இல், இராஜாஜியின் ஆட்சியில் அச்சிலை பொருட்காட்சிசாலைக்குள் ஒதுக்கப்பட்டது. நம் தீவு தன் பெயரை மாற்றிக்கொள்ள 2018-ஆம் ஆண்டு வரை காத்திருந்தது. எவன் பெயரை நாள்தோறும் நம் பிள்ளைகள் உச்சரிக்க வேண்டும் என்பது ஒரு சமுதாயம் எண்ணித் துணிய வேண்டிய ஒன்றே.

நாம் செய்யக்கூடியது

கல் நட்டால் மட்டும் போதாது. நம் ஊர்ப்புறங்களில் எத்தனையோ நடுகற்கள் பெயர் தெரியாமல் வேலிக்கல்லாகவும் துவைக்கும் கல்லாகவும் ஆகிவிட்டன. எழுத்து அழியும் முன்பே நினைவு அழிந்தது. ஆண்டுக்கு ஒருமுறை பொங்கலிட்டு, மாண்டவன் கதையைப் பிள்ளைகளுக்குச் சொன்ன ஊர்களிலேயே கல் தெய்வமாக நின்றது. சொல்லாத ஊர்களில் அது வெறுங்கல்லாயிற்று. தீவுக்கும் இதுவே விதி. நாம் கதை சொல்லாவிடில் சேக்கோன் தீவு வரைபடத்தில் ஒரு புள்ளியாகவே இருக்கும்.

ஆகவே பெற்றோர்க்கு ஒரு வேண்டுகோள். கப்பலில் வடக்கே செல்லும்போது பிள்ளைகள் பெயர் தெரியாத தீவுகளைச் சுட்டிக் கேட்பர். அப்போது இந்தப் பஞ்சாபி இளைஞரின் கதையையும் சேர்த்துச் சொல்லுங்கள். வெற்றிகளின் எண்ணிக்கையைச் சொல்ல வேண்டுவதில்லை. பகைவர் மீது வெறுப்பை ஊட்டவும் வேண்டா. அவர்களுள்ளும் அவரைப் போற்றியவர் உண்டு என்பதையே கூறுங்கள். அனைவரையும் உடன்பிறப்பென அழைத்த ஒருவர் இருந்தார், பழகாத மலையில், கடுங்குளிரில் தம் கடமைக்காகக் காத்திருந்தார், எழாமல் இருக்கக் காரணம் இருந்தும் எழுந்தார், திரும்பி வரவில்லை. இவ்வளவு சொன்னால் போதும். எஞ்சியதைப் பிள்ளைகளின் உள்ளம் தானே அறிந்துகொள்ளும்.

வீரம் என்பது போர்க்களத்திற்கு மட்டும் உரியதன்று என்பதையும் அவர்கள் அறிவர். சுனாமி நாளில் அயலான் பிள்ளையைத் தோளில் ஏற்றி மேடு நோக்கி ஓடியவர் நம்மிடையே உளர். நோயாளிக்காக நள்ளிரவில் குருதி கொடுக்கச் சென்றவர் உளர். அவர்களுக்குச் சக்கரமுமில்லை, தீவுமில்லை. ஆனால் ஓடுதளத்தில் சேக்கோன் எடுத்த முடிவும், அவர்கள் எடுத்த முடிவும் ஓரினத்தைச் சார்ந்தவையே.

இனி, நம் தலைக்கு மேல் விமானம் ஒன்று செல்லுங்கால், அதில் வரும் உறவினரை எண்ணி மகிழ்வோம். அதனோடு, எழுந்து திரும்பாத ஒருவரையும் ஒரு கணம் எண்ணுவோம். அவர் உடலை இமயத்தின் பனி வைத்துக்கொண்டது; பெயரை நம் கடல் ஏந்திக்கொண்டது. அப்பெயரைக் காக்கும் பொறுப்பு கரையில் வாழும் நம்முடையது.

வாழ்க அவ்வீரர் புகழ்!